சம்பளப் பதிவேட்டின் முன் ஒரு விசுவாசி

யோர்தான் நதிக்கரையில் மனந்திரும்புதலைப் பிரசங்கித்துக்கொண்டிருந்த யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் வந்து, "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டதை லூக்கா தம் சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார். ரோமருடைய ஆட்சிக்காக வரி வசூலித்த ஆயக்காரனை அன்றைய யூத சமுதாயம் பாவி என்றே ஒதுக்கிவைத்திருந்தது. ஆகவே அந்த வேலையை விட்டுவிட்டு வா என்ற பதிலைத்தான் சுற்றி நின்றவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். யோவானோ, "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்" என்று மட்டுமே அவர்களுக்குச் சொன்னார். போர்ச்சேவகருக்கு, "ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமலும், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும், உங்கள் சம்பளமே போதுமென்றும் இருங்கள்" என்றார். மனந்திரும்பியதற்கு ஏற்ற கனி எது என்று கேட்டவர்களிடம், அவரவர் கையில் அன்றாடம் புரளுகிற காசையும் அவரவருக்கு மற்றவர்மேல் இருக்கிற அதிகாரத்தையும் அவர் சுட்டிக்காட்டினார். வேலைத்தளத்தில் கிறிஸ்தவராக இருப்பது எப்படி என்ற கேள்வி எழும்போதெல்லாம் நான் திரும்பத் திரும்ப இந்தப் பகுதிக்கே வந்து சேருகிறேன்.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் டைம் ஆபீஸ் என்று எல்லோரும் அழைக்கிற பணியாளர் பிரிவில் நான் வேலை செய்துவருகிறேன். வருகைப் பதிவு, ஷிப்ட் கணக்கு, வாரச் சம்பளம், பி.எஃப். என்னும் வருங்கால வைப்புநிதி, இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு ஆகியவையே என் அன்றாடம். வேலை செய்யும் இடத்தில் சாட்சியாக இருங்கள் என்று சபைகளில் போதிக்கும்போது, மேசைமேல் வசன அட்டை வைப்பதையும், சாப்பாட்டுக்கு முன் தலைகுனிந்து ஜெபிப்பதையும், கெட்ட வார்த்தை பேசாமலிருப்பதையும், உடன் வேலை செய்கிறவர்களைக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அழைப்பதையும் சொல்லுவார்கள். இவற்றில் எதையும் நான் குறைவாக எண்ணவில்லை. என் மேசையிலும் ஒரு வசன அட்டை இருக்கிறது. ஆயினும் சம்பளத்தில் ஏதோ குறைகிறது என்று என் முன்னால் வந்து நிற்கிற தையற்காரப் பெண்ணுக்கு அந்த அட்டையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் பெயருக்கு நேரே நான் எழுதுகிற எண் சரியாக இருந்தால் அன்றிரவு அவர் வீட்டுக் கணக்கு நேராகும். தவறாக இருந்தால் கடன் வாங்க வேண்டியிருக்கும். என் விசுவாசம் முதலாவது அந்த எண்ணில் தெரிய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக இங்குள்ள கணக்கைச் சற்று விளக்குகிறேன். காலை 8.30 மணிக்குத் தொடங்கி மாலை 5.30 மணிக்கு முடிவது ஒரு ஷிப்ட். இடைவேளைகள் போக எட்டு மணி நேர வேலை. ஷிப்மென்ட், அதாவது சரக்கை அனுப்ப வேண்டிய நாள், நெருங்கும்போது அது இரவுவரை நீண்டு ஒன்றரை ஷிப்ட் ஆகிவிடும், அதாவது பன்னிரண்டு மணி நேரம். வாரத்தின் ஆறு நாளும் ஒன்றரை பார்க்கிறவருக்கு 72 மணி நேரம் ஆகிறது. வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. அந்தக் கணக்குப்படி மாலையில் கூடுதலாகப் பார்த்த அரை ஷிப்டுக்கு ஒரு முழு ஷிப்டின் கூலி சேர வேண்டும். பல இடங்களில் அரை ஷிப்டுக்கு அரைக் கூலிதான் கிடைக்கிறது. இந்த வழக்கத்தை டைம் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தனியாக மாற்றிவிட முடியாது என்பது உண்மையே. ஆனால் உழைத்த அரை ஷிப்ட் ஏட்டில் ஏறாமலே போய்விடுவது பெரும்பாலும் அந்த மேசையில்தான் நடக்கிறது.

ஒரு சனிக்கிழமை மாலை, சம்பள வரிசையில் நின்ற காங்கயம் பக்கத்து ஓவர்லாக் டெய்லர் ஒருவர் என்னிடம், "மேடம், போன வாரம் மூணு நாள் ஒன்றரை பாத்தனுங்க. ரெண்டு நாள்தானுங்க ஏறியிருக்குது" என்றார். அவருக்குப் பின்னால் நீண்ட வரிசை நின்றது. அடுத்த வாரம் பார்த்துச் சேர்த்துவிடலாம் என்று அனுப்பிவிடுவதே அந்த நேரத்தில் எவருக்கும் எளிது. ஆண்டுக்கணக்காகத் துணியிலும் நூலிலும் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கைரேகை இயந்திரம் சில நாட்களில் படிப்பதில்லை; அப்படிப்பட்ட நாளுக்குச் சூப்பர்வைசர் கையால் எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் ஆதாரம். அந்தச் சீட்டு எந்த ஃபைலில் செருகப்பட்டிருக்கிறது என்று தேடி எடுத்து, லைன் சூப்பர்வைசரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டு, தொகையைத் திருத்திக் கொடுக்கும்வரை வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அவன் ஏழையாயிருந்து அந்தக் கூலியின்மேல் ஆவலாயிருக்கிறான் என்று உபாகமம் 24ஆம் அதிகாரம் அதற்குக் காரணமும் சொல்லுகிறது. சனிக்கிழமை இரவு மளிகைக்கடைப் பாக்கியையும் சீட்டுப் பணத்தையும் கொடுக்க வேண்டியவருக்கு அடுத்த வாரம் என்பது பதிலாகாது என்பதை மோசேயின் நியாயப்பிரமாணம் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறது.

சம்பளத் தொகையாவது உடனே கண்ணில் படும், தொழிலாளி கேட்டுவிடுவார். இ.எஸ்.ஐ.யிலும் பி.எஃப்.பிலும் நடக்கிற தவறு மாதங்கள் கழித்தே தெரியவரும். இ.எஸ்.ஐ. திட்டத்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை ஒன்றும், அக்டோபர் முதல் மார்ச்வரை ஒன்றுமாக ஆண்டுக்கு இரண்டு பங்களிப்புக் காலங்கள் உண்டு. நோயுற்ற நாட்களுக்கான உதவித்தொகை கிடைக்க வேண்டுமானால் அதற்குரிய பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்காவது பங்களிப்பு செலுத்தப்பட்டிருக்க வேண்டும். பேறுகால உதவிக்கு முந்தைய இரண்டு காலங்களிலும் சேர்த்து 70 நாட்கள் வேண்டும், அந்த நாட்கள் இருந்தால் 26 வாரங்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். ஊதியத்தில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். இந்த 3.25 சதவீதத்தை மிச்சப்படுத்துவதற்காக நாட்களைக் குறைத்துக் காட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நூறு நாள் வேலை செய்த பெண்ணுக்கு அறுபது நாள் என்று எழுதுகிற கை, பல மாதங்களுக்குப் பிறகு கைக்குழந்தையோடு இ.எஸ்.ஐ. அலுவலகத்தின் ஜன்னலில் நிற்கப்போகிற அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதில்லை. பி.எஃப். பிடித்தத்தைச் சம்பளத்திலிருந்து எடுத்துக்கொண்டு, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியதைக் கட்டாமல் வைத்துக்கொள்வதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்று யாக்கோபு எழுதிய வாக்கியத்தை நான் பி.எஃப். சலான் போடுகிற நாட்களில் நினைத்துக்கொள்வதுண்டு.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்கிற இளைஞர்களின் பெயர்களைப் பற்றி இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆதார் அட்டையில் இருக்கும் பெயருக்கும் பி.எஃப். கணக்கில் பதிவான பெயருக்கும் ஓர் எழுத்து வேறுபட்டாலும், பிறந்த தேதியில் ஓர் எண் மாறினாலும், அவர்கள் ஊர் திரும்பியபின் பணத்துக்குப் போடும் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடலாம். பிறகு சிலருக்கு முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கையெழுத்திட்டுத் தரும் ஜாயின்ட் டிக்ளரேஷன் என்ற உறுதிமொழி தேவைப்படும். ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறவர் அதை எப்படிப் பெறுவார்? அலைந்து பார்த்துவிட்டு அந்தப் பணத்தையே கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். ஆகவே புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் திரைக்கு முன் உட்காரவைத்து, அட்டையிலுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்து, அவரையும் பார்க்கச் சொல்லி, அதன்பிறகே பதிவு செய்கிறேன். தன் பெயரின் எழுத்துகளை ஒருவர் இப்படி நிதானமாகக் கேட்டுக் கேட்டு எழுதுவது அவர்களில் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. தம் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிற மேய்ப்பரைப் பின்பற்றுவதாகச் சொல்லுகிற எனக்கு, ஒரு மனிதனின் பெயரைப் பிழையின்றி எழுதுவது ஜெபத்துக்கு அடுத்தபடியான கடமை.

"எதைச் செய்தாலும், அதை மனுஷர்க்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற கொலோசெயர் வசனம் அநேகக் கிறிஸ்தவர்களின் அலுவலகச் சுவர்களில் தொங்குகிறது. அது யாருக்கு எழுதப்பட்டது என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அதற்குச் சற்று முன்னே பவுல் வேலைக்காரரை அழைத்துத்தான் பேசத் தொடங்குகிறார். அந்தக் காலத்தில் அவர்கள் அடிமைகள், தங்கள் உழைப்பின் பலனுக்கு உரிமை இல்லாதவர்கள். மனுஷருக்குப் பிரியமாயிருக்க விரும்பி "பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்" இருங்கள் என்று அவர்களிடம் சொல்லுகிறார். கம்பெனியின் பேக்கிங் பிரிவில் இறுதி ஆய்வு நடக்கும்போது இந்த வார்த்தையின் பொருள் எனக்கு நன்றாக விளங்குகிறது. மூவாயிரம் பீஸ் உள்ள ஒரு லாட்டில், அதாவது ஒரு தொகுதியில், வாங்குபவரின் சார்பில் வருகிற ஆய்வாளர், எத்தனை குறைவரை ஏற்கலாம் என்று வரையறுக்கும் வழக்கமான ஏ.க்யூ.எல். 2.5 அளவுப்படி 125 பீஸ்களை எடுத்துப் பார்ப்பார். அவற்றில் ஏழு குறைவரை இருந்தால் தேறிவிடும், எட்டு என்றால் லாட் திரும்பிவிடும். மீதி 2,875 பீஸ்களை அவர் பிரிப்பதே இல்லை. அந்த 2,875 பீஸ்களைச் செக்கிங் மேசையில் எப்படிப் பார்க்கிறோம் என்பதே பார்வைக்குச் செய்கிற வேலைக்கும் மனப்பூர்வமாய்ச் செய்கிற வேலைக்கும் இடையே இருக்கிற வேறுபாடு.

எங்கள் செக்கிங் பிரிவில் மூத்தவரான ஓர் அம்மா இருக்கிறார். சஷ்டி தவறாமல் விரதமிருக்கும் முருக பக்தர். குழந்தைகளின் ஆடைகளில் கழுத்துத் தையலின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, நூல் முனை கொஞ்சம் நீண்டிருந்தாலும் கத்தரித்த பிறகே அடுத்த பீஸைத் தொடுவார். பீஸ் குறைகிறது என்று சூப்பர்வைசர் அவசரப்படுத்தியபோது அவர் சொன்னதை நான் கேட்டேன்: "எங்கியோ ஒரு கொழந்தை போடற துணிங்க. பிசிறு இருந்தா கழுத்துல உறுத்துமுங்க." தான் ஒருபோதும் பார்க்கப்போகாத ஒரு குழந்தையின் கழுத்தை நினைத்து வேலை செய்கிற அந்தப் பெண்மணியைப் பார்த்துவிட்டு, உண்மையான உழைப்பு கிறிஸ்தவர்களிடம்தான் இருக்கிறது என்று என்னால் பேச முடியாது. அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சபையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். தேவன் மனிதர் எல்லோருடைய மனதிலும் தம்முடைய பிரமாணத்தை எழுதியிருக்கிறார் என்று ரோமர் இரண்டாம் அதிகாரத்தின் வெளிச்சத்தில் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இனி, இவை எல்லாவற்றையும்விடக் கடினமான ஒன்றுக்கு வருகிறேன். வெளிநாட்டு நிறுவனங்கள் தங்களுக்குத் தைத்துக் கொடுக்கும் கம்பெனிகளில் தொழிலாளர் நிலையைத் தணிக்கை செய்ய ஆட்களை அனுப்புகின்றன. வாரத்துக்கு 60 மணி நேரத்துக்குமேல் யாரும் வேலை செய்திருக்கக் கூடாது என்பது அவர்கள் பார்க்கும் முக்கியமான விதிகளில் ஒன்று. 72 மணி நேரம் வேலை வாங்கிய கம்பெனி என்ன செய்யும்? தணிக்கைக்கென்று தனியாக ஒரு பதிவேட்டைத் தயார் செய்யும். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் அப்படி ஒன்றை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். என்னால் இயலாது என்றேன். உண்மையான பதிவுகளையே காட்டி, எத்தனை மாதத்தில் எந்தெந்தப் பிரிவில் நேரத்தைக் குறைக்கப்போகிறோம் என்ற திருத்தத் திட்டத்தை அதோடு வைத்தால் தணிக்கையாளர் கேட்டுக்கொள்ள வாய்ப்பிருக்கிறது என்றும், அந்தத் திட்டத்தை இரவு உட்கார்ந்தாவது எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். மேலாளர் கோபப்படவில்லை. "இங்க பாரும்மா, ஊரே இப்படித்தான் பண்ணுது. ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா இத்தனை குடும்பத்துக்கு யாரு சோறு போடறது? உங்க சாமி அதப் பாக்க மாட்டாரா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இன்றும் அதை நான் அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை. வேலை போனால் முதலில் பட்டினி கிடப்பது தொழிலாளிதான்.

இருந்தும் என் மனம் மாறாததற்கு ஒரு காரணம் இருந்தது. பதிவேட்டைத் திருத்தினால் மட்டும் போதாது. தணிக்கையாளர் தொழிலாளர்களைத் தனியாக அழைத்துக் கேட்பார். ஆகவே முந்தின நாள் பெண்களை உட்காரவைத்து, "எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போறீங்கன்னு கேட்டா அஞ்சரைன்னு சொல்லணும்" என்று பாடம் நடத்துவார்கள். இரவு ஒன்பது மணிக்குமேல் கம்பெனி வேனில் தூங்கிவிழுந்து வீடு போய்ச் சேருகிறவர், தனக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தைத் தன் வாயாலேயே இல்லை என்று சொல்ல வேண்டும். எளியவனின் கூலியைப் பிடித்துக்கொள்வது ஒரு பாவம். அதை மறைப்பதற்கு அவனையே பொய் சொல்லவைப்பது அதைவிடக் கொடியது என்று எனக்குத் தோன்றியது. என் எழுத்து அந்தப் பாடத்துக்கு அடித்தளமாக இருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

அதன்பிறகு நடந்ததை உள்ளபடி சொல்லுகிறேன். அந்தப் பதிவேட்டை என்னோடு வேலை செய்த இளம்பெண் எழுதினார். தணிக்கை நல்லபடியாக முடிந்தது, ஆர்டரும் வந்தது. அடுத்த சம்பள உயர்வில் என் பெயர் இல்லை. கொஞ்ச நாளில் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். பின்னர் நான் வேறு கம்பெனி தேடிக்கொண்டேன். தானியேலை எதிரிகள் ராஜாங்க விஷயத்தில் துருவித் துருவிப் பார்த்தும் யாதொரு குற்றமும் குறைவும் காணமுடியவில்லை என்று வாசிக்கும் நாம், அவன் சிங்கக் கெபியிலிருந்து பத்திரமாக எடுக்கப்பட்டதையும் சேர்த்தே எதிர்பார்க்கிறோம். எல்லோருக்கும் அப்படி நடப்பதாக வேதம் வாக்குக் கொடுக்கவில்லை. தானியேலின் தோழர்களான சாத்ராக் முதலானோர் அக்கினிச் சூளைக்கு முன் நின்று, எங்கள் தேவன் விடுவிக்காமற்போனாலும் ராஜாவின் பொற்சிலையை வணங்க மாட்டோம் என்று சொன்னது எனக்கு அந்நாட்களில் மிகுந்த பலமாயிருந்தது.

அந்த இளம்பெண்ணும் நம் சபையைச் சேர்ந்தவர்தான். தகப்பன் இல்லை, தம்பி பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். பின்னொரு நாள் என்னிடம் அவர், "அக்கா, நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா அடுத்த மாச வாடகைய யாருக்கா கொடுத்திருப்பாங்க?" என்று கேட்டார். அவரை நான் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. கணவர் சம்பளமும் கொஞ்சம் சேமிப்பும் இருந்த எனக்கு மறுப்பது எளிதாக இருந்தது. அவருக்கு அப்படி இல்லை. சபையில் சாட்சி நேரத்தில் ஆர்டர் கிடைத்ததற்கும், பதவி உயர்வுக்கும், வெளிநாட்டு வேலைக்கும் ஸ்தோத்திரம் சொல்லுகிறோம். உண்மை பேசியதால் வேலையை இழந்தேன் என்று யாராவது எழுந்து சொன்னால் அவரை என்ன செய்வது என்று நமக்குத் தெரியாது. தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிடுவோம். வேலைத்தளத்தில் உண்மையாயிரு என்று பிரசங்கிக்கிற சபை, அந்த உண்மைக்கு ஒருவர் கொடுக்கிற விலையில் பங்கெடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஆயுத பூஜையைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். அன்று ஒவ்வொரு மிஷினையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, வாசலில் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் இனிப்புப் பெட்டியும் எல்லோருக்கும் கொடுப்பார்கள். சில விசுவாசிகள் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். நான் முந்தின நாள் எல்லோரோடும் சேர்ந்து அலுவலகத்தைக் கழுவுகிறேன், இனிப்புப் பெட்டிகளை எண்ணி அடுக்கிப் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கிறேன். ஆரத்தி நேரத்தில் மரியாதையாக ஒரு பக்கம் நிற்கிறேன், வணங்குவதில்லை, படைத்ததை வாங்குவதில்லை. சீரியாவின் படைத்தலைவனாகிய நாகமான் குஷ்டரோகம் நீங்கி இஸ்ரவேலின் தேவனை அறிந்தபின், தன் ராஜா தன் கைமேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலில் பணியும்போது தானும் பணிய வேண்டியிருக்குமே என்று மனம் வருந்திச் சொன்னதற்கு, எலிசா அவனைக் கடிந்துகொள்ளாமல் சமாதானத்தோடே போகச் சொன்னார். அந்தத் தயவை நினைத்தால், இதில் என்னைவிட இறுக்கமாகவோ தளர்வாகவோ நடந்துகொள்கிற சகோதரரை நியாயந்தீர்க்க எனக்கு வாய் எழுவதில்லை.

சுவிசேஷம் சொல்லுவதைப் பற்றியும் எனக்கு ஒரு வரையறை உண்டு. என் மேசைக்கு முன் நிற்கிறவரின் லீவும் சம்பளமும் அட்வான்ஸும் என் பேனாவில் இருக்கும்போது, நான் நீட்டுகிற சுவிசேஷத் துண்டுப்பிரதியை அவர் மறுக்க முடியாது. மறுக்க முடியாதவரிடம் சொல்லுவது நற்செய்தியாக இருக்காது. "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு, அதாவது பதில், சொல்லுங்கள் என்றுதான் பேதுரு எழுதுகிறார். கேட்டவர்களுக்கு நான் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். அதுவும் வேலை நேரம் முடிந்து, சமமாக உட்கார்ந்து தேநீர் குடிக்கிற இடத்தில்.

ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றிய என் மனவருத்தம் நான் ஆராதனையைத் தவறவிடுவதோடு நிற்பதில்லை. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளைக்குச் சொல்லப்படும் காரணம், உன்னைப்போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்பது. எனக்கு விடுப்பு வாங்கிக்கொண்டு, கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகளை ஞாயிறும் மிஷினில் உட்காரவைக்கும் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு நான் கோவிலுக்குப் போனால் கட்டளையில் பாதியைத்தான் கைக்கொள்கிறேன். ஷிப்மென்ட் தேதிக்கு எதிராக ஒவ்வொரு முறையும் என்னால் வாதாடி வெல்ல முடிவதில்லை. தொடர்ந்து இரண்டு ஞாயிறு ஒரே ஆளை அழைக்கக் கூடாது என்ற அளவுக்காவது இப்போது ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எஜமான்களுக்கும் பரலோகத்தில் ஓர் எஜமான் உண்டு, ஆகவே வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்ற கொலோசெயர் நான்காம் அதிகாரத்தின் முதல் வசனம் கம்பெனி முதலாளிகளுக்கு மட்டும் எழுதப்பட்டதாக நாம் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதற்குக் குறைவாக ஆசிரியைகளுக்குச் சம்பளம் கொடுக்கிற கிறிஸ்தவப் பள்ளிகளைப் பற்றி நம்மவர்களே தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறோம். பனியன் கம்பெனியில் இரண்டு பதிவேடு பாவமென்றால் அங்கேயும் அது பாவந்தான். இன்னும் சொன்னால், கிறிஸ்துவின் பெயரைப் பலகையில் எழுதிவைத்துக்கொண்டு செய்வதால் அதிகப் பாவம்.

இப்போது எங்கள் சபையில் ஒரு முயற்சி தொடங்கியிருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு மாலை, கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் கூடி, தங்களிடம் கேட்கப்படுகிறவற்றைப் பெயர் குறிப்பிடாமல் பேசுகிறோம். சாயப்பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர், இரவில் கழிவுநீரைத் திறந்துவிடச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டார். சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டையும், 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்த ஊர் இது. கீழ்மடை விவசாயியும் நமக்குப் பிறன்தான் என்று பேச அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் பேச்சு அந்த இளம்பெண் கேட்ட வாடகைக் கேள்வியிலேயே வந்து நின்றது. ஆகவே அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வருகிற பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, உண்மைக்காக வேலையை இழக்கிறவருக்கு மூன்று மாதச் சம்பளம்வரை கொடுப்பதென்று போதகரும் சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் கமிட்டியும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கொடுப்பது கடனாக அல்ல. யாருக்குக் கொடுத்தோம் என்று ஆராதனையில் அறிவிப்பதும் இல்லை.

கமிட்டியில் ஒரு கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை. இந்த உதவி சபை அங்கத்தினருக்கு மட்டுமா, அல்லது அதே காரணத்துக்காக வேலை இழந்த மற்றவர்களுக்கும் உண்டா? பணம் குறைவு, நம் பிள்ளைகளை முதலில் பார்ப்போம் என்று மூப்பர்கள் சிலர் சொல்லுகிறார்கள். அவர்களுடைய கவலையும் நியாயமானதே. கூலியைக் குறித்த கட்டளை, உன் சகோதரரானாலும் உன் வாசல்களில் இருக்கிற அந்நியரானாலும் என்று இருவரையும் ஒரே வரியில் வைத்துப் பேசுகிறது என்பதை உபாகமத்திலிருந்து எடுத்துக் காட்டி, ஒடிசாப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அது எடுத்துக்கொள்ளப்படும்.